பன்னீர் ரோஜாவுக்கு வெறும் தண்ணீர்

வசந்தம் அடுக்ககக் குடியிருப்போர் சங்கம்
ராஜகீழ்ப்பாக்கம்
12 மார்ச் 2025

பெறுநர்: திருமதி ஷீலா ஜீவானந்தம், மூன்றாம் மாடி
பொருள்: மொட்டை மாடிப் பூந்தொட்டிகள், நாற்றம், நீர் விரயம்

அம்மையீர்,

சென்ற பொதுக்குழுவில் தாங்கள், "நான் ஒண்ணும் உங்க ஆபீஸ்ல வேலை பாக்கல சார்" என்று அனைவர் முன்னிலையிலும் கூறிவிட்டு எழுந்து சென்றீர்கள். அன்று மாலையே வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் விலகிவிட்டீர்கள். நேரில் பேசினால் என் குரல் உயரும், தங்கள் குரல் அதைவிட உயரும். ஆகவே இனி நமக்குள் எதுவானாலும் எழுத்தில் இருப்பதே நல்லது என்று செயலாளர் என்ற முறையில் முடிவு செய்திருக்கிறேன்.

முதலாவது, தாங்கள் செடிகளுக்கு ஊற்றும் மீன் கரைசல். வடாம் பிழியும் பருவத்தில் மொட்டை மாடியில் மீன் நாறுகிறது. இது சைவக் குடும்பங்கள் அதிகமாக உள்ள கட்டடம் என்பது தாங்கள் அறியாததல்ல.

இரண்டாவது, தண்ணீர். கடந்த ஞாயிறு தாங்கள் தொட்டிக்குள் ஹோஸை விட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தீர்கள். அடித்துளை வழியாகத் தண்ணீர் வழிந்து மாடியெல்லாம் ஓடி, மழைநீர்க் குழாய் வழியாக அனந்தகிருஷ்ணன் அவர்களின் கார் மீது விழுந்தது. செடிக்குத் தண்ணீர் விடுவதைப் பார்த்திருக்கிறேன். செடியைக் குளிப்பாட்டுவதை இப்போதுதான் பார்க்கிறேன். நாம் லாரித் தண்ணீர் வாங்கிப் பிழைக்கிற கட்டடம்.

எனவே இன்று முதல் மாடியில் ஹோஸ் கூடாது. செடிகளுக்கு, ஒவ்வொரு வீட்டிலும் ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைச் சேர்க்கும் நீல டிரம்மிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அந்த டிரம் வாங்கிப் போட்டதே நான்தான். யாரும் பயன்படுத்துவதில்லை.

இப்படிக்கு,
சீ. ராஜகோபாலன்
செயலாளர்

*

13 மார்ச்

ராஜகோபாலன் சாருக்கு,

பொருள், பெறுநர் எல்லாம் போட்டு எழுத எனக்கு வராது. கேம்ப் ரோடு கூரியர் ஆபீசில் நாள் முழுக்கப் பெறுநர் முகவரிதான் பார்க்கிறேன். வீட்டுக்கு வந்தும் அதுவா?

கார் விஷயத்துக்கு மன்னிப்பு. அனந்தகிருஷ்ணன் சாரிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன். தூசி போனது நல்லதுதான் என்றார்.

மீன் அமிலம் நிறுத்தியாகிவிட்டது சார். கடலைப் பிண்ணாக்குத் தண்ணியும் நிறுத்தியாகிவிட்டது. மொட்டு வந்த பிறகு நான் உரம் எதுவும் போடுவதில்லை. இனிமேல் நாற்றம் வராது, மணம்தான் வரும். தண்ணி ஏன் அவ்வளவு என்று கேட்டீர்கள். சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

இது அழகுக்கு வைத்த ரோஜா இல்லை. சாப்பிடுகிற பன்னீர் ரோஜா. இதழைச் சர்க்கரையோடு பிசைந்து வெயிலில் வைத்துக் குல்கந்து செய்ய வைத்தது. வீட்டுக்காரர் ஜீவா மஸ்கட்டில் இருக்கிறார், ஆபீஸ் விட்டு வந்தால் எனக்கு இதுதான் வேலை. போன தடவை தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைக்காரர் விரலில் எடுத்து நாக்கில் வைத்தார். "பாக்க நல்லா இருக்கும்மா, கடைசில நாக்குல கரிக்குது" என்று பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பஸ்ஸில் அந்தப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

உரம் என்பதும் உப்புதானே சார். செடி வளர அது வேண்டும். பறிக்கப் போகிற சமயத்தில் வேண்டாம். மண்ணில் மிச்சம் கிடப்பதைக் கழுவி விட வேண்டும். முதல் நாள் அடித்துளையில் ஓடுகிறவரை ஊற்றுவது, பிறகு இரண்டு வாரம் வெறும் தண்ணி, வேறு எதுவும் இல்லை. அப்போதுதான் பூ பூவாக இருக்கும். அந்த இரண்டு வாரம் மட்டும் எனக்கு நல்ல தண்ணி வேண்டும். என் வீட்டுப் பங்கிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன். நான் ஒருத்திதான், எனக்கு எவ்வளவு செலவாகும்?

இந்த முறையும் கரித்தால் அந்தக் கடைக்காரர் முகத்தில் நான் விழிக்க முடியாது.

ஷீலா

*

15 மார்ச் 2025

அம்மையீர்,

தங்கள் 13ஆம் தேதியிட்ட கடிதம் கிடைத்தது.

ஒருவருக்குச் சலுகை கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள். தங்கள் பங்கு என்று தனியாக எதுவும் கிடையாது. சம்ப் ஒன்று, மோட்டார் ஒன்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. இதை நான் பொதுக்குழுவில் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. என் மனைவி பட்டு ஜனவரியில்தான் சிகிச்சை முடித்து வந்திருக்கிறாள். என்ன சிகிச்சை என்பது இந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. மீன் நாற்றம் வந்த நாட்களில் அவள் காலையில் குடித்த கஞ்சியும் தங்கவில்லை. ஒரு நாளைக்கு அவள் வயிற்றுக்குள் போவதே மூன்று ஸ்பூன். அதுவும் வெளியே வந்தால் நான் என்ன செய்வது?

தாங்கள் நிறுத்திவிட்டதாகச் சொல்வதை நம்புகிறேன். இருந்தாலும் இன்று முதல் மாடிக் கதவு பூட்டியிருக்கும். சாவி என் வீட்டில் இருக்கும். தினமும் மாலையில் வாட்ச்மேன் துரை வந்து தங்களுக்காகத் திறந்துவிடுவார். ஆர்.ஓ. டிரம்மிலிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

சீ. ராஜகோபாலன்
செயலாளர்

*

24 மார்ச்

சாருக்கு,

மாமி உடம்பு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குக் கஷ்டமாகிவிட்டது. நாற்றம் ஒத்துக்கொள்ளவில்லை என்று முன்பே சொல்லியிருந்தால் மீனைத் தொட்டே இருக்க மாட்டேன். சொல்லவில்லை, பூட்டினீர்கள். சரி, பூட்டையும் பொறுத்துக்கொண்டேன். டிரம்மைத் தொடவில்லை. ஆபீசிலிருந்து வரும்போது கேன் தண்ணி வாங்கி ஸ்கூட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டிருக்கிறேன். கழுவி விடுவதற்கு அது பத்தாது. செடி வாடாமல் இருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது விஷயம் வேறு. பூ காணாமல் போகிறது.

முதல் நாள் அணில் என்று நினைத்தேன். அணில் இவ்வளவு ஒழுக்கமாகத் தின்னாது. இதழை மட்டும் எடுத்துவிட்டு, காம்பையும் பச்சையையும் செடியிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். மாலையில் மொட்டாகப் பார்த்த பூ அடுத்த மாலை இருப்பதில்லை. துரை அண்ணனைக் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா மேடம், என்னிய கேக்கறே? சாவி சார் வூட்லதான கீது. நான் சாயங்காலம் வாங்கினு வந்து தொறக்கறேன், பூட்டிட்டு சார் கையிலயே குட்த்துட்றேன். நான் இன்னா, பூவ துன்றவனா?" என்றார்.

அவர் சொன்னது நியாயம். சாவி உங்கள் வீட்டில் இருக்கிறது. உங்கள் வீட்டில் இரண்டு பேர். நீங்கள் ரோஜா தின்கிற ஆள் மாதிரி எனக்குத் தெரியவில்லை.

சண்டைக்காக இதை எழுதவில்லை சார். பூ போனால் போகட்டும். ஆனால் அந்தப் பூ இன்னும் சாப்பிடத் தயாராகவில்லை. மண்ணில் உரம் இன்னும் மிச்சம் கிடக்கிறது, முழுசாகக் கழுவ நீங்கள் விடவில்லை. அதோடு போன வாரம் இலைப்பேனுக்காக வேப்பெண்ணெய்க் கரைசலும் அடித்திருக்கிறேன். உடம்பு முடியாதவர்கள் அதைப் பறித்து அப்படியே வாயில் போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் பயமாக இருக்கிறது.

இந்தக் கடிதத்தை உங்கள் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று துரை அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.

ஷீலா

*

25 மார்ச் 2025

திருமதி ஷீலா அவர்களுக்கு,

விசாரித்தேன். ஆம்.

நான் காலை வாக்கிங் போகும் நேரத்தில் சாவியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். மூன்று மாடி ஏறியிருக்கிறாள். பாத்ரூமுக்குப் போகவே என் தோளைப் பிடித்துக்கொள்கிறவள். எப்படி ஏறினாய் என்று கேட்டேன். உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன் என்றாள். கோபித்துக்கொள்ளலாம் என்றுதான் ஆரம்பித்தேன். முடியவில்லை.

எதைச் சாப்பிட்டாலும் அவளுக்கு இரும்பைக் கடித்தாற்போல் இருக்கிறதாம். சாதம், பால், மாதுளை எல்லாமே. "இது ஒண்ணுதான் இரும்பா இல்ல" என்று சொன்னாள். அப்புறம், "கொஞ்சம் கரிக்கறது, பரவாயில்ல" என்றாள்.

என் மனைவி விரும்பிச் சாப்பிடுகிற ஒரே பொருளைக் கழுவ விடாமல் தடுத்தது நான். சங்கத்தின் பெயரால் எழுத்து மூலம் தடுத்திருக்கிறேன், நகலும் என்னிடம் இருக்கிறது.

டாக்டரிடம் போனில் கேட்டுவிட்டேன். உரமும் மருந்தும் பட்டது கூடவே கூடாது என்றார். சுத்தமாக வளர்த்ததாக இருந்தால், வெந்நீரில் அலசி, சர்க்கரை தொட்டுக் கொஞ்சம் கொடுக்கலாம், எதையாவது சாப்பிடுகிறாரே என்று சந்தோஷப்படுங்கள் என்றார்.

செடிகளுக்கு என்னென்ன போட்டீர்கள் என்பதைத் தயவுசெய்து தெரிவிக்கவும். என் 12, 15ஆம் தேதியிட்ட கடிதங்கள் இத்துடன் ரத்தாகின்றன. பூக்கள் எப்போது தயாராகும்?

ராஜகோபாலன்

*

26 மார்ச்

சாருக்கு,

கடிதத்தை ரத்து செய்ய முடியும் என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். நல்ல வசதி.

போட்டது இவ்வளவுதான்: மண்புழு உரம், பிண்ணாக்குத் தண்ணி, மீன் அமிலம், மொட்டு விடக் கொஞ்சம் பொட்டாஷ், அப்புறம் அந்த வேப்பெண்ணெய். விஷம் என்று எதுவும் இல்லை. மாமி இதுவரை சாப்பிட்டதை நினைத்துப் பதறாதீர்கள். இனிமேல் மட்டும் தயாராகும்வரை வேண்டாம். மீன் அமிலத்தை மாமியிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் பொறுப்பு, நான் தலையிட மாட்டேன்.

இப்போது பாருங்கள் என் நேரத்தை. ஓசூர் கிளையில் மேனேஜர் திடீரென்று வேலையை விட்டுவிட்டார். ஆள் போடும்வரை என்னைப் போகச் சொல்கிறார்கள். நாளைக் காலை கிளம்புகிறேன். எத்தனை வாரம் என்று தெரியாது. செடியை என் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றால், பீர்க்கன்கரணைக்கு அத்தனை தொட்டியை யார் தூக்குவது?

அதனால் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். சிரிக்காதீர்கள், நானும் சிரிக்காமல்தான் எழுதுகிறேன். இப்போதிருக்கிற பூவையெல்லாம் கிள்ளி எறிந்துவிடுங்கள். முதல் நாள் ஒவ்வொரு தொட்டியிலும் அடியில் தண்ணி ஓடுகிறவரை ஊற்றுங்கள். கொஞ்சம் விட்டு இன்னொரு முறை. அதன்பிறகு தினமும் வேருக்கு மட்டும், வெறும் தண்ணி. எதுவும் கலக்கக் கூடாது, பாவம் என்று ஒரு பிடி உரம்கூடப் போடக் கூடாது. செடி கொஞ்சம் வெளுக்கும், அடி இலை மஞ்சளாகும். பயப்படாதீர்கள். பட்டினி போட்டால்தான் இந்தப் பூ ருசிக்கும்.

ஓசூர் விலாசம் பின்னால் எழுதியிருக்கிறேன். எங்கள் கேம்ப் ரோடு ஆபீசில் கொடுத்தால் ஓசூர் கூரியர் பையிலேயே எனக்கு வந்துவிடும். போன் வேண்டாம் சார். இப்போதுதான் நமக்குள் கொஞ்சம் மரியாதை வந்திருக்கிறது, கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஷீலா

*

5 ஏப்ரல் 2025

ஷீலா அவர்களுக்கு,

தாங்கள் எழுதியபடியே எல்லாம் நடந்து வருகிறது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறேன்.

பூக்களைக் கிள்ளும்போது பட்டு பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொன்றையும் வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குப்பைக் கூடையில் போட விட்டாள். ஒன்றுகூட வாயில் போடவில்லை, நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

தண்ணீர் விஷயத்தில் யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாதபடி ஏற்பாடு செய்திருக்கிறேன். சம்ப் தண்ணீரைத் தொடவே இல்லை. என் கடிதங்களை ரத்து செய்தது என் சொந்தத் தேவைக்காக என்று நாளை ஒருவர் கேட்கலாம் அல்லவா? நீல டிரம் நிரம்பித்தான் இருக்கிறது. அதிலிருந்து வாளி வாளியாக நானே ஊற்றுகிறேன். போதாத நாளில் எங்கள் வீட்டு ஆர்.ஓ. வெளியே தள்ளும் தண்ணீரையும் கீழேயிருந்து தூக்கிக்கொண்டு போகிறேன். முழங்கால் வலிக்கிறது, அது கிடக்கட்டும். எதுவும் கலக்காத வெறும் தண்ணீர்.

பலனும் கண்கூடாகத் தெரிகிறது. மண்ணின் மேலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. உள்ளே இருந்த உரம் எல்லாம் வெளியே வருகிறது என்று பட்டுவிடம் காட்டினேன். தினமும் எப்போது ஆகும் எப்போது ஆகும் என்று கேட்கிறாள். ஒன்றைக் கேட்டு அவள் காத்திருப்பதே எனக்குப் போதும் போல இருக்கிறது. இலை நுனி கருகுகிறது, அது பட்டினியால் என்று நினைக்கிறேன்.

ராஜகோபாலன்

*

ஓசூர்
8 ஏப்ரல்

சாருக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு ஆபீசிலேயே தலையில் கை வைத்துக்கொண்டேன். உடனே நிறுத்துங்கள்.

ஆர்.ஓ. மெஷின் என்ன செய்கிறது சார்? தண்ணியில் இருக்கிற உப்பைப் பிரித்து வெளியே தள்ளுகிறது. உப்பு போன தண்ணியை நீங்கள் குடிக்கிறீர்கள். தள்ளிய உப்பெல்லாம் எங்கே போகிறது? உங்கள் நீல டிரம்முக்கு. நம் லாரித் தண்ணியிலேயே லேசாக உப்பு உண்டு. அதிலும் வடிகட்டித் தள்ளியதைச் செடிக்கு ஊற்றியிருக்கிறீர்கள். அந்த வெள்ளை, உரம் வெளியே வருவது இல்லை, நீங்கள் உள்ளே போட்டது. தரை கழுவ, கார் கழுவ அது நல்ல தண்ணிதான். கழுவி விடச் சொன்னால் கூடை கூடையாக உப்பு ஊட்டியிருக்கிறீர்கள், அதுவும் முழங்கால் வலியோடு.

எதுவும் கலக்காத தண்ணி என்று எழுதியது நான்தான். டிரம்மை மட்டும் தொடாதீர்கள் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். நீங்கள் யாருக்கும் விதிவிலக்குத் தர மாட்டீர்கள், உங்களுக்கே தர மாட்டீர்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை.

இன்னும் கோபமாக நாலு பக்கம் எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் மாமி போன் செய்தார்கள். துரை அண்ணனிடம் நம்பர் வாங்கியிருக்கிறார்கள். அவரைத் திட்டாதே, நேற்று முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்தேன், நானே அவருக்கு ஒத்தடம் கொடுத்து எவ்வளவு மாசம் ஆச்சு தெரியுமா என்றார்கள். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். மீன் விஷயம் மாமிக்கு முதலிலிருந்தே தெரியும் சார். இந்த நாற்றத்தைக் கண்டுபிடிக்கச் செயலாளர் வேண்டுமா என்று கேட்டுச் சிரித்தார்கள்.

அப்புறம் ஒன்று சொன்னார்கள். எழுதலாமா கூடாதா என்று யோசித்தேன். சொல்லாதே என்று மாமி சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். ரோஜாவை ஏன் சாப்பிட ஆரம்பித்தீர்கள் என்று சும்மாதான் கேட்டேன். முதல் நாள் மாமி மாடிக்குப் போனது சாப்பிட இல்லையாம். செடியில் பூவைப் பார்த்ததும் கை தானாகப் பறித்துத் தலைக்குப் போயிருக்கிறது. அங்கே ஸ்கார்ஃப்தான் இருந்திருக்கிறது.

"தலையில வெச்சுக்க முடியல. கீழ போடவும் மனசு வரல. அதான் வாயில போட்டுண்டேன்" என்றார்கள்.

சிக்னல் சரியில்லை மாமி என்று போனை வைத்துவிட்டேன்.

நல்ல தண்ணி ஊற்றுங்கள் சார். யார் என்ன கேட்டாலும் கேட்கட்டும்.

ஷீலா

*

22 ஏப்ரல் 2025

ஷீலாவுக்கு,

பட்டு பூவைப் பற்றிச் சொன்னதாகத் தாங்கள் எழுதிய பத்தியைப் படித்தேன். மற்றதை எழுதுகிறேன்.

சம்ப்பிலிருந்து தண்ணீர் எடுத்தேன். எடுக்கும் முன் வாட்ஸ்அப் குழுவில், என் மனைவியின் உணவுக்காக மாடிச் செடிகளுக்கு லாரித் தண்ணீர் பயன்படுத்தப் போகிறேன், ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கவும் என்று போட்டேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை. அனந்தகிருஷ்ணன் மட்டும் தன் காரை நகர்த்திக் கொள்ளட்டுமா என்று கேட்டிருந்தார். மாலையில் இரண்டு வீட்டிலிருந்து வாளியோடு மாடிக்கு வந்தார்கள். இத்தனை வருஷம் செயலாளராக இருந்து எத்தனையோ சுற்றறிக்கை விட்டிருக்கிறேன், யாரும் வாளியோடு வந்ததில்லை.

இருந்தாலும் உப்பு முழுக்கப் போகவில்லை. இரண்டு செடி பட்டுப்போய்விட்டது. அது என் கணக்கு.

போன வாரம் ஒரு மத்தியானம் மழை வந்தது. கோடை மழை, முன்னறிவிப்பே இல்லை. தங்கள் தொட்டிகள் எல்லாம் ஷீட் கூரைக்குக் கீழே அல்லவா இருக்கின்றன? நானும் துரையும் ஒவ்வொன்றாக இழுத்து வெட்டவெளியில் வைத்தோம். "இன்னா சார், செடிக்குத்தான மழை? நீ ஏன் நனைஞ்சிகினு நிக்கிறே?" என்று துரை சத்தம் போட்டார். நான் தொட்டிகளின் அடித்துளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் பழுப்பாக வந்தது. பிறகு டீத்தண்ணீர் நிறம். அப்புறம் வெறும் தண்ணீராக வந்தது. எனக்கு எழுந்து வரவே மனமில்லை. பட்டு குடையோடு கதவருகே வந்து நின்று, போதும் வாங்கோ என்று கூப்பிட்டாள்.

மறுநாளும் பெய்தது. இப்போது வெள்ளை எங்கும் இல்லை. புது மொட்டுகள் வந்திருக்கின்றன. மழைத் தண்ணீரை அண்டாக்களில் பிடித்து மூடி வைத்திருக்கிறேன். இனி பறிக்கும்வரை அதுதான்.

நீல டிரம்மில் 'தரை கழுவ மட்டும்' என்று எழுதி ஒட்டிவிட்டேன்.

ராஜகோபாலன்

*

4 மே

சாருக்கு,

நேற்று ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கி, விடிந்ததும் மாடிக்குத்தான் போனேன். கதவு திறந்தே இருந்தது.

செடி இளைத்திருக்கிறது. அடி இலையெல்லாம் மஞ்சள். இப்படித்தான் இருக்க வேண்டும். பூ சிறுத்தாலும் மணம் படிக்கட்டுவரை வருகிறது. ஒரு இதழைக் கிள்ளி நாக்கில் வைத்தேன். முதலில் லேசான துவர்ப்பு, அப்புறம் இனிப்பு, அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. கரிப்பு எங்கேயென்று தேடினேன், இல்லை. நான் தண்ணி ஊற்றி எனக்கு இப்படி வந்ததே கிடையாது. ஒத்துக்கொள்ளக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

துரை அண்ணனிடம் கொடுத்தனுப்பியிருக்கிற கிண்ணம் மாமிக்கு. முதல் பறிப்பு. வெந்நீரில் அலசிவிட்டேன். நானே கொண்டுவந்து கொடுத்திருக்கலாம், உங்கள் வீட்டு வாசல்வரை வந்தேன். மாமி என்ன சொல்வார்களோ என்று பயமாக இருந்தது, திரும்பிவிட்டேன். இவ்வளவு நாள் காத்திருந்து, பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டால் உங்கள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது?

மிச்ச இதழைச் சர்க்கரை போட்டுப் பிசைந்து பாட்டிலில் அடைத்து மாடி வெயிலில் வைத்திருக்கிறேன். நன்றாக வந்ததும் நாட்டு மருந்துக் கடைக்குக் கொண்டுபோகிறேன்.

மாமி என்ன சொன்னார்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

ஷீலா

*

25 மே 2025

ஷீலாவுக்கு,

ஒரு வரி கேட்டாய். இத்தனை நாள் ஆகிவிட்டது. நீ என்று எழுதுகிறேன், பட்டு உன்னை அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

அன்று ஒரு இதழை எடுத்து வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "இப்போ பூ மாதிரி இருக்கு" என்றாள். கிண்ணத்தில் பாதியைச் சாப்பிட்டாள். அடுத்தடுத்து நீ அனுப்பியதையும் சாப்பிட்டாள். அப்புறம் ஒரு நாள் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, வத்தக்குழம்பு வைக்கத் தெரியுமா உங்களுக்கு என்று கேட்டாள். தெரியாது. வைத்தேன். காரம் போதவில்லை என்று திட்டிவிட்டு ஒரு கரண்டி சாதம் அதிகமாகப் போட்டுக்கொண்டாள். நான் அடுப்பங்கரைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

இப்போது ரோஜா அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. ஃப்ரிட்ஜில் இருந்த கடைசிக் கிண்ணத்தை நான்தான் சாப்பிட்டேன். எனக்கு அதில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. நாட்டு மருந்துக் கடைக்காரர் இரண்டாவது பாட்டிலும் கேட்டாராமே, துரை சொன்னார். சந்தோஷம்.

நீ ஏப்ரலில் எழுதிய ஒரு பத்திக்கு நான் பதில் எழுதவில்லை. அது மனத்திலேயே இருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து தினமும் அவள் பூ வைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். இத்தனை மாதமாக அது இல்லை என்பதைக் கவனிக்கவே இல்லை. ரத்தப் பரிசோதனைக் காகிதங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

அவளுக்கு முடி வந்திருக்கிறது. விரல் நுனி அளவு, முழுக்க நரை, கைக்குழந்தைக்கு இருப்பதுபோல் மெத்தென்று. ஸ்கார்ஃப் கட்டுவதை விட்டுவிட்டாள். கண்ணாடி முன் நின்று உள்ளங்கையால் தடவிப் பார்த்துக்கொள்கிறாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

நேற்று தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய்க் கிளிப் வாங்கினேன். இருப்பதிலேயே சின்னது வேண்டும், முடி ரொம்பக் குறைவு என்றேன். குழந்தைக்கு என்ன வயசு என்று கடைக்காரர் கேட்டார். அறுபத்திரண்டு என்று சொன்னேன்.

எனவே தங்களிடம் ஒரு கோரிக்கை. எழுத்து மூலமாகவே வைக்கிறேன், அதுதான் நமக்குள் வழக்கம். நாளைக் காலை எனக்கு ஒரே ஒரு பூ வேண்டும். சின்னதாக, காம்போடு. நீ மறுபடி உரம் போட ஆரம்பித்திருப்பாய். போட்டிருந்தாலும் பரவாயில்லை, மீனே ஊற்றியிருந்தாலும் பரவாயில்லை. இது சாப்பிடுவதற்கு இல்லை.

ராஜகோபாலன்